லகிமா கேட்ட காபிக்கடைக்காரர்

"அம்மா, நேக்கு லகிமா வேணும்."

துலாம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது என்ன, மாத்திரையா?"

"சித்திம்மா. அஷ்ட சித்தியில ஒண்ணு. உடம்பைப் பஞ்சு மாதிரி லேசாக்கறது."

"பஞ்சுக்கு என்ன சௌகரியம்? காத்தடிச்ச பக்கமெல்லாம் போவணும்."

கேட்டவர் சாம்பமூர்த்தி. கும்பகோணத்தில் காபிப்பொடிக் கடை. பெரிய உடம்பு. பெரிய உடம்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் கை காட்டினால் ஆட்டோக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

துலாம்மா இருந்தது ஊசிமலை அடிவாரத்தில், துலாபார மண்டபத்தில். வேண்டிக்கொண்டவர்கள் ஒரு தட்டில் உட்கார்ந்து, மறு தட்டில் தங்கள் எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ வைத்துச் சாமிக்குக் கொடுக்கிற இடம். அந்தப் பெரிய தராசுக்குப் பக்கத்தில் ஒரு பாய் கிடக்கும். அவளுடைய ஆசிரமம் அவ்வளவுதான். சாம்பமூர்த்தியைவிட வயதில் சின்னவள். தேடி வருகிறவர்களைத் திட்டுவாள். அதனாலேயே தேடி வந்தார்கள்.

"லகிமா எதுக்கு?"

"மலை ஏறணும்."

"படி இருக்கே."

"முழங்கால் இல்லையே."

"டோலி இருக்கே."

சாம்பமூர்த்தியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"போன கார்த்திகைக்கு டோலியிலதான் போனேன். பாதி மலையில இறக்கி வச்சுட்டா. 'சாமி, உங்களைத் தூக்கிட்டுப் போக எங்களால ஆகாது'ன்னுட்டா. அங்கேருந்து உக்காந்து உக்காந்தே கீழே வந்தேன். ஒவ்வொரு படியா. வேஷ்டி பின்பக்கம் பூரா கிழிஞ்சுடுத்து. பாத்தவாள்லாம் ஏதோ பிரார்த்தனைன்னு நெனச்சுண்டு என் கால்ல விழுந்தா."

"ஆசீர்வாதம் பண்ணுனீங்களா?"

"பண்ணினேன். வேற என்ன பண்ண?"

"அப்ப மலைக்குப் போகாதீங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"பொண்ணுக்குக் கல்யாணம்மா. மேலே. மைத்ரேயிக்கு வரன் அமைஞ்சா உன் சன்னிதியிலயே தாலி கட்டறதுன்னு என் ஆத்துக்காரி விசாலம் வேண்டிண்டுட்டா. வேண்டிக்கறச்சே என்னை ஒரு நிமிஷம் நெனச்சாளா?"

துலாம்மா கீரையில் ஒரு பூச்சியைப் பார்த்து, எடுத்து, வெளியே விட்டாள்.

"எங்க வழக்கத்துல அப்பா மடியில பொண்ணை உக்காத்தி வச்சுத்தாம்மா தாலி கட்டணும். தை மாசம் முகூர்த்தம். நான் மேலே வர முடியலேன்னா என் தம்பி ராமசேஷன் உக்காந்துக்கறானாம். 'கவலைப்படாதே அண்ணா, என் மடியும் உன் மடிதான்'கறான்." அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். "அவனுக்கு ஏதும்மா மடி? ரெண்டு மூங்கில் குச்சி."

துலாம்மா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருங்க" என்றாள்.

அப்படித்தான் அவர் சீடரானார். கடையை விசாலத்திடம் விட்டார். வியாபாரம் கூடிவிட்டது. அதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

*

"காபிக் கொட்டையை வறுத்தா எடை குறையறது" என்றார் சாம்பமூர்த்தி. "அது மாதிரி தவத்துல என்னை வறுத்துடுங்கோ."

"தீய்ஞ்சா?"

"எடை குறையுமோன்னோ?"

"முதல்ல எவ்வளவு இருக்கீங்கன்னு பார்ப்போம். பஸ் ஸ்டாண்டுல எடை மெஷின் இருக்கு. காசு போட்டுப் பாத்துட்டு வாங்க."

போனார். முகம் மலர்ந்து வந்தார். கையில் அந்த மெஷின் கொடுத்த அட்டை.

"அம்மா! 'விரைவில் உயர்ந்த இடத்தை அடைவீர்கள்'னு வந்திருக்கு!"

"எடை?"

சாம்பமூர்த்தி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அதைப் பாக்கலை" என்றார்.

*

மறுநாள் முதல் உபவாசம். சோறு கிடையாது, டிபன் கிடையாது. பிரசாதம் மட்டும்.

பிரசாதம் என்றால், துலாபாரத்தில் மிஞ்சுகிற வாழைப்பழம்.

முகூர்த்த நாள்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. குடும்பம் குடும்பமாக வந்து தட்டில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிற குடும்பங்கள்.

சாம்பமூர்த்தி மறுபடி மெஷினில் ஏறியபோது, அது 'பொறுமை தேவை' என்று அச்சடித்துக் கொடுத்தது.

*

ஒரு நாள் ஈர வேஷ்டியோடு ஓடி வந்தார். ஓடினார் என்று சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அது ஓட்டம்.

"அம்மா! சித்திச்சுடுத்து! குளத்துல மல்லாக்கப் படுத்தேன். உடம்பு அப்படியே மேலே நிக்கறது. தாமரை இலை மாதிரி!"

"கூட யார் இருந்தா?"

"யாருமில்லை. எருமைதான் நாலஞ்சு."

"அதுங்க என்ன பண்ணுச்சு?"

சாம்பமூர்த்தி யோசித்தார்.

"மிதந்துண்டிருந்தது."

"அதுல எந்த எருமை எங்கிட்ட வந்து சித்தி கேட்டுச்சு?"

அவர் வேஷ்டியைப் பிழிந்தார்.

"தண்ணி தாங்குது. நீங்க ஒண்ணும் லேசாகல" என்றாள் துலாம்மா. "கரை ஏறுனதும் தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்துதான் இருந்தது. கரை ஏற, அந்த வழியாகப் போன இரண்டு பேர் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

*

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஆலமரம். அதில் குழந்தைகளுக்கு யாரோ கட்டிய கயிற்று ஊஞ்சல். குழந்தைகள் இல்லாத நேரத்தில் சாம்பமூர்த்தி அதில் ஏறினார்.

வந்து மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை கத்தவில்லை. எருமை ஞாபகம் இருந்தது.

"அம்மா, ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பறதோன்னோ, அந்த இடத்துல, கண் இமைக்கற நேரம், நேக்குக் கனமே இல்லை."

"நிஜமா?"

"சத்தியமா."

"அப்ப அங்கேயே நின்னுடுங்க."

போனார். வீசி வீசி ஆடினார். உச்சியில் நிற்க முயன்றார்.

கயிறு அறுந்தது.

சத்தம் கேட்டுத் துலாம்மா வந்து பக்கத்தில் நின்றாள். தூக்கிவிடவில்லை.

"விழும்போது எப்படி இருந்தது?"

சாம்பமூர்த்தி படுத்தபடியே யோசித்தார். அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கேட்ட கேள்விக்கு எந்த நிலைமையிலும் பதில் சொல்வார்.

"கனமே இல்லைம்மா. துளிக்கூட இல்லை. நான் இருக்கேனான்னே தெரியலை."

"அதான் லகிமா. கிடைச்சிடுச்சு. ஊருக்குப் போங்க."

"பின்னே இந்த இடுப்பு வலி?"

"அது தரை குடுத்தது. விழுந்துக்கிட்டே இருக்கிறவனுக்குக் கனம் தெரியாது. தாங்கறதுக்கு ஒண்ணு வந்தாத்தான் கனம்."

சாம்பமூர்த்தி இலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தார்.

"நான் குண்டா இருக்கறதாலதானே இவ்வளவு வேகமா விழுந்தேன்?"

துலாம்மா உள்ளே போனாள். ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் கொட்டைப்பாக்கு. இரண்டையும் ஒரே உயரத்தில் பிடித்தாள். ஒன்றாக விட்டாள்.

ஒன்றாக விழுந்தன.

"ரெண்டும் ஒரே சமயத்துல வந்துடுத்தே!" சாம்பமூர்த்தி முழங்கையை ஊன்றி எழுந்தார். "தேங்காயைப் பூமி பலமா இழுக்காதோ?"

"இழுக்கும். பெரிசு இல்லையா? ஆனா பெரிசைக் கிளப்பறதும் அவ்வளவுக்குக் கஷ்டம். அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிடுது."

"அப்போ ராமசேஷன் விழுந்தாலும்...?"

"இதே வேகம்தான்."

சாம்பமூர்த்திக்கு முதல்முறையாக ஞானத்தில் ஒரு ருசி ஏற்பட்டது.

உடைந்த தேங்காயைத் துலாம்மா சட்னிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

*

"யாரும்மா என்னைப் பிடிச்சு இழுக்கறது?"

"பூமி. அது மேல நிக்கிற மலை. எல்லாந்தான்."

"நான் அதுகளுக்கு என்ன பண்ணினேன்?"

"நீங்களும் அதுங்களை இழுக்கிறீங்க. அது எவ்வளவு பலமா உங்களை இழுக்குதோ, அதே பலம். குன்றிமணி குறையாது."

சாம்பமூர்த்தி மலையைப் பார்த்தார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானா? இவ்வளவு பெரிய மலையையா?"

"ஆமா."

"அப்போ ஏம்மா அது நகர்ந்து எங்கிட்ட வரலை?"

"அதுக்கும் முழங்கால் இல்லை."

அவர் ஒரு வியாபாரியின் குரலில் கேட்டார்:

"மேலே போகப் போக இழுப்பு குறையுமோ?"

"குறையும். கடுகத்தனை."

"கடுகு போதும்மா! கடுகு போதும்!"

"மேலே போனாத்தானே குறையும்?"

*

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் குடும்பம் அடிவாரத்துச் சத்திரத்தில் வந்து இறங்கியது. முதலில் மண்டபத்துக்கு வந்தது ராமசேஷன். ஒடிசல் உடம்பு, தோளில் யோகா பாய். சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் மென்று மென்று, பக்கத்தில் சாப்பிடுகிறவருக்கும் பசி போகும்படி செய்கிற ஆள்.

"அண்ணா, நன்னா இருக்கியா? இன்னும் கொஞ்சம் பூசினாப்பல இருக்கே?"

"வாழைப்பழம்" என்றார் சாம்பமூர்த்தி.

"நீ எதுக்கும் கவலைப்படாதே. நான் ஒரு மாசமா தினமும் மடியில அரிசி மூட்டையை வச்சுண்டு பழகிண்டிருக்கேன். மந்திரம் முடியற வரைக்கும் தாங்கறது." தொடையைத் தட்டிக் காட்டினான். எலும்பில் தட்டிய சத்தம் கேட்டது. "நீ கீழேயே உக்காந்துண்டு வீடியோ கால்ல பாத்துக்கோ. சிக்னல் நன்னா இருக்கு. நான் பாத்துட்டேன்."

அவன் போனதும் சாம்பமூர்த்தி துலாம்மாவின் முன்னால் வந்து நின்றார். கண்ணில் நீர்.

"விடிஞ்சா கல்யாணம். எருமைன்னேள், கேட்டுண்டேன். ஊஞ்சல்லேருந்து விழுந்தேன், எழுந்துண்டேன். மலையை நான் இழுக்கறேன்னேள், சந்தோஷப்பட்டேன். லகிமா மட்டும் வரலை. என் பொண்ணு என் தம்பி மடியில உக்காரப் போறா. வீடியோ கால்ல நான் அட்சதை போடணுமா? போன் மேலேயா போடறது?"

துலாம்மா திட்டவில்லை.

"போன தடவை டோலியில என்ன பண்ணுனீங்க?" என்றாள்.

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே. என்னாலான ஒத்தாசைதான் பண்ணிண்டு வந்தேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த துலாம்மாவின் கை நின்றது.

"என்ன ஒத்தாசை?"

"பாவம், நாலு பேர் தூக்கறா. நாம சும்மா உக்காந்திருந்தா நன்னாவா இருக்கும்? தலைக்கு மேலே டோலி மூங்கில் இருக்கோல்லியோ, அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டு, அவா ஒவ்வொரு படி ஏறறச்சேயும் என்னை நானே ஒரு எம்பு எம்பித் தூக்கிண்டேன். கனம் அவாளுக்குத் தெரியாம இருக்கட்டுமேன்னு."

"அப்புறம்?"

"தேங்காய்ப் பையை மடியில வச்சுக்கலை. அந்தக் கனமும் டோலியில சேரக் கூடாதுன்னு கையை நீட்டி வெளியிலயே பிடிச்சுண்டு வந்தேன். கை வலிச்சா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திப்பேன்."

"அப்புறம்?"

"செங்குத்தான இடத்துல மூச்சை அடக்கிண்டேன்."

துலாம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமினாளா என்னவோ, தோள் குலுங்கியது. பிறகு எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் போனாள். ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆட்டைத் தராசின் ஒரு தட்டில் நிறுத்தி, காலைக் கட்டிப் போட்டாள். மறு தட்டில் தவிட்டு மூட்டை. கொஞ்சம் தவிடு எடுத்தாள், கொஞ்சம் போட்டாள். தராசு முள் நேராக நின்றது.

"ரெண்டும்?"

"ஒரே எடை." எடையில் சாம்பமூர்த்தியை யாரும் ஏமாற்ற முடியாது.

"மூட்டையைத் தூக்கிட்டுக் குளத்து வரைக்கும் போயிட்டு வாங்க."

சமதரைதான். கடையில் எத்தனை மூட்டை பார்த்த தோள். போனார், வந்தார், வைத்தார். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

துலாம்மா ஆட்டின் கட்டை அவிழ்த்தாள்.

"இப்ப இது."

தோளில் போட்டுக்கொண்டார். ஓரடி வைத்தார். ஆடு எம்பியது. அவர் வலப்பக்கம் சரிந்தார். சமாளித்து அடுத்த அடி வைத்தார். ஆடு இடப்பக்கம் துள்ளியது. பூணூலைக் கவ்வியது. அவர் ஒரு கையால் பூணூலைப் பிடித்தார், ஆடு அந்த நேரம் பார்த்துப் பின்னங்காலால் அவர் விலாவில் உதைத்து மேலே எழும்பி, அதே கனத்தோடு தொம்மென்று மறுபடி தோளில் இறங்கியது.

குளத்துக்குப் போகிற பாதி வழியிலேயே சாம்பமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். ஆடு இறங்கித் தன் பாட்டுக்கு மேயப் போயிற்று.

துலாம்மா நடந்து வந்தாள்.

"எடை ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"பின்னே என்ன?"

"மூட்டை சும்மா வந்துதும்மா! இந்தச் சனியன், ஒவ்வொரு அடிக்கும் ஒரு எம்பு எம்பி..."

நிறுத்தினார்.

தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது.

"அட ராமா" என்றார்.

துலாம்மா கீரை ஆயப் போய்விட்டாள்.

*

விடிந்ததும் டோலிக்காரர்கள் அவரைக் கண்டு பின்வாங்கினார்கள்.

"ஐயோ, அந்தச் சாமியா!" என்றான் முன் மூங்கிலைத் தூக்கும் சடையப்பன். "போன தடவைக்கு எனக்குத் தோள்பட்டை இன்னும் சரியாகல."

"மனுஷன்னு நெனைக்காதே. மூட்டைன்னு நெனச்சுத் தூக்கு."

"மூட்டை பேசாதுங்க."

"நானும் பேசலை."

தேங்காய்ப் பையை ராமசேஷனிடம் கொடுத்தார். டோலியில் உட்கார்ந்தார். தூக்கினார்கள்.

முதல் படியிலேயே அவர் கை தானாக மூங்கிலுக்குப் போயிற்று. அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது கையையும். மூச்சு அது பாட்டுக்கு வந்தது, போயிற்று. அவர் தடுக்கவில்லை.

கார்த்திகைக்கு இறக்கி வைத்த இடம் வந்தது. போயிற்று.

"என்னப்பா, சாமி தூங்கிட்டாரா?" என்றான் பின்னால் வந்தவன்.

"இல்லடா, கண்ணு தொறந்துதான் இருக்கு."

"போன தடவைக்கு இப்ப பாதிதான் இருப்பாரு போல. எளைச்சிட்டாரு."

அத்தனை வாழைப்பழமும் உள்ளே பேசாமல் இருந்தது.

முக்கால் மலையில் ராமசேஷன் ஒரு படியில் உட்கார்ந்திருந்தான். தேங்காய்ப் பை மடியில். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா... நீ... போ" என்றான்.

சாம்பமூர்த்தி பேசவில்லை. மூட்டை பேசாது.

*

மேலே காற்று பலமாக அடித்தது. ஹோமப் புகை எல்லார் கண்ணிலும் போயிற்று. விசாலம் புகையில் அழுகிறாளா அவரைப் பார்த்து அழுகிறாளா என்று தெரியவில்லை.

சாம்பமூர்த்தி நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். மைத்ரேயி கூறைப்புடவை சரசரக்க வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை திருமாங்கல்யத்தைக் கையில் எடுத்தார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார்.

மடி ஆடியது.

மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னால் முடிச்சைத் தேடியது. கழுத்து நகர்ந்தது. கை பின்தொடர்ந்தது. கழுத்து மறுபடி ஒரு அங்குலம் எழும்பி, ஒரு அங்குலம் இறங்கியது. நெல் மூட்டை ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது.

"என்ன ஓய், பிடியும்!" என்றார் வாத்தியார்.

சாம்பமூர்த்தி குனிந்து பார்த்தார். பெண்ணின் கால் விரல்கள் தரையில் அழுந்தி வெளுத்திருந்தன. தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. அவள் உட்காரவே இல்லை. மடிக்கு மேல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"உன் முழங்கால்ப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நோக்குப் பாரம் தெரியக் கூடாதுன்னு..."

சாம்பமூர்த்திக்கு ஆடு ஞாபகம் வந்தது.

"உக்காருடி" என்றார். "உன்னை நான் தாங்குவேன். உன் ஒத்தாசையைத் தாங்க என்னால ஆகாது."

மைத்ரேயி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கால் விரல்களைத் தளர்த்தினாள். உட்கார்ந்தாள்.

நெல் மூட்டை அடங்கியது. மாப்பிள்ளையின் கை முடிச்சைக் கண்டுபிடித்தது. கெட்டிமேளம் முழங்கியது.

"அம்மாடியோ" என்றார் சாம்பமூர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக. "என்ன கனம்!"